செங்கல்பட்டு அறிக்கையும் விடுதலையின் நோக்கமும்: திரமென்ஹீர் குறிப்பு – ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் 1891-இல் அளித்த பறையர் பற்றிய குறிப்பு, பஞ்சமி நில வரலாற்றின் தொடக்க ஆவணமாகப் போற்றப்படுகிறது. அது அருட்கொடையா, உரிமை ஏற்பா என்னும் வினாவை அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால விவாதங்களோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செங்கல்பட்டு, காஞ்சிபுரம், மிராசு, பண்ணையடிமை, பஞ்சமி நிலம்.

முன்னுரை

அமெரிக்க வடமாநிலத்தார் பலருக்குப் போரின் நோக்கம் ஒன்றியத்தைக் காப்பதே. அடிமை ஒழிப்பு அதற்கான வழி மட்டுமே. 1863-ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனமும் கிளர்ச்சி செய்த பகுதிகளையே சுட்டியது. ஆயினும் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் ஒன்றியப் படையில் சேர்ந்தபின் நிலை மாறியது. குறைந்த ஊதியத்தை எதிர்த்து அவர்கள் போராடியதன் விளைவாக 1864-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. பிறர் கருவியாகக் கருதிய விடுதலையை அவர்கள் உரிமையாக்கினர். இவ்விடுதலை முயற்சியைப் போற்றியே சோதிபா புலே தம் 'குலாம்கிரி' (1873) நூலை அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

சட்டமும் கடனும்

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை மீதான உரிமைகோரலை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்தது. எனினும் காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிணைப்பு நீடித்தது. குடியிருப்பு மனை மிராசுதாரர் வசம் இருந்தது. உழைப்பு கடனுக்கு ஈடாக எழுதிக்கொள்ளப்பட்டது. தரிசு நிலம் கேட்டால் மிராசுதாரருக்கே முன்னுரிமை. சட்டத்தில் மறைந்த அடிமைத்தனம் மனையிலும் கடனிலும் உயிர்வாழ்வதைச் சுட்டியதே திரமென்ஹீர் குறிப்பின் தலையாய சிறப்பு.

அதன் பரிந்துரைகளுள் பெரும்பாலானவற்றை அரசு ஏற்கவில்லை. வருவாயும் ஊர் ஒழுங்கும் குலையாமை அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. 1892-இல் நிலம் ஒதுக்க ஆணையிட்டபோதும் அது பெரிதும் தரிசு நிலங்களையே நாடியது. மிராசு உரிமையின் அடித்தளம் அசைக்கப்படவில்லை. வடமாநிலத்தாரின் ஒன்றியப்பற்று போலவே இங்கும் வேறொரு நோக்கத்தின் எல்லைக்குள் விடுதலை அடைக்கப்பட்டது.

மூடிய படைவாசல்

ஒப்புமை இவ்விடத்தில் முறிகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு முதல் சென்னைப் படையில் பறையர் பணியாற்றினர். அமெரிக்காவில் போர் கறுப்பினத்தார்க்குப் படைவாசலைத் திறந்தது. இங்கோ, 'போர்க்குடி'க் கோட்பாடு வலுப்பெற்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வாசல் குறுகியது. உரிமைகோரலுக்கு ஆயுதப்பணி துணைநிற்க இயலாத நிலையில் இதழும் விண்ணப்பமும் அவ்விடத்தை நிரப்பின. செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்தக் காங்கிரசு கோரியபோது அவர் எதிர்த்தார். இது தேசிய நோக்கில் பிளவாகத் தோன்றலாம். ஒற்றுமையா, அடிமை நீக்கமா, எது முந்தியது என்பதே அவ்வெதிர்ப்பில் பொதிந்த வினா. அதிகாரம் யார் கைக்கு மாறும் என்பது நிலமற்றவர்க்கு முதன்மையான கேள்வியாகும்.

முடிவுரை

திரமென்ஹீரை மீட்பராகக் கொண்டாடும் வாசிப்பு, அவரது குறிப்பின் கூர்மையையே மழுங்கச் செய்கிறது. பிணைப்பு சட்டச்சொல்லில் இல்லை, பொருளாதார உறவில் உள்ளது என்பதே அதன் கண்டறிதல். காஞ்சிபுரப் பட்டுத்தறிகளில் முன்பணத்தால் குழந்தைகள் பிணைக்கப்பட்டதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னரும் ஆய்வாளர்கள் பதிவு செய்தமை அக்கண்டறிதலை உறுதிசெய்கிறது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் பஞ்சமி நிலமீட்புப் போராட்டத்தின்போது நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். கொடையாக எழுதப்பட்ட நிலம் உரிமையாகக் கோரப்பட்டபோது நேர்ந்தது இது. எனவே அக்குறிப்பைக் கோரியோர் வரலாற்றோடு இணைத்து வாசிப்பதே தகும்.