‘வாசித்தல்’ - சொற்பிறப்பு ஆராய்ச்சி

எழுத்தை வாயாற் கூறுதலே வாசித்தல். ஆகலின் ‘வாய்’ என்னும் பெயரடியாகவே இவ்வினை பிறந்தது என்பார் பலர். யானும் வகுப்பில் சில்லாண்டு அவ்வாறே உரைத்து வந்தேன். அக்கொள்கை நிற்பதன்று என்பதை ஈண்டு எடுத்துரைத்தல் கடனாகின்றது.

அன்னார் காட்டும் சான்றுகள் இரண்டு. ‘வாயில்’ என்பது ‘வாசல்’ எனத் திரிந்தாற்போல ‘வாயித்தல்’ என்பதும் ‘வாசித்தல்’ ஆயிற்று என்பது ஒன்று. மலையாளத்தில் இன்றும் ‘வாயிக்குக’ என வழங்குதல் மற்றொன்று. யகரம் சகரமாதல் உண்மையே. ஆயின் சகரம் யகரமாதலும் உண்டு. ‘அரசன்’ என்பது ‘அரையன்’ என நின்றமை காண்க. ஆகவே மலையாள வடிவே பழையது எனத் துணிதற்கு ஒலியளவில் இடமில்லை.

பொருளே ஈண்டு வழிகாட்டுவது. வடமொழியில் ‘வச்’ என்பது சொல்லுதல். அதன் பிறவினையாகிய ‘வாசயதி’ சொல்லுவித்தல். அஃதாவது ஏட்டைப் பேசச் செய்தல். மராத்தியின் ‘வாச்ணே’, இந்தியின் ‘பாஞ்ச்னா’ என்பனவும் படித்தற்பொருளில் வரும் இவ்வடிச் சொற்களே. தமிழ் ‘வாய்’ அத்துணைத் தொலைவும் சென்று பரவிற்று எனல் மிகை. இப்பொருளில் தமிழுக்குரிய சொல் ‘ஓதுதல்’. கன்னடத்தார் எதனைப் படிப்பினும் ‘ஓது’ என்றே கூறுவர். நம்மிடமோ அச்சொல் மறை, திருமுறை, குர்ஆன் முதலிய புனித நூல்களின் அளவிற் சுருங்கிற்று. செய்தியும் வரவேற்பிதழும் ‘வாசித்தல்’ என்பதன் பாற்பட்டன. ‘வாசிகசாலை’யில் மட்டும் ஒருவரும் வாய்திறத்தல் ஆகாது என்பது சொல்லின் விளையாட்டு!

இனி, வீணை வாசித்தல், தவில் வாசித்தல் என்பன யாவை? ஏட்டைப் போலவே கருவியையும் பேசுவித்தல் என உவமைவழிப் பொருள் கூறுவர். கேட்டற்கு இனிது, எனினும் ஏற்றற்கு அரிது. தெலுங்கில் ‘வாயிஞ்சு’ என்பது கருவியை இசைத்தற்கே உரியது. படித்தலுக்கு அங்கு ‘சதுவு’ என்னும் வேறு சொல் உண்டு. எனவே இசைத்தற்பொருள் படித்தற்பொருளினின்று கிளைத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. கருவியை ஒலிப்பித்தலைக் குறிக்கும் வடசொல் ‘வாதயதி’. அதன் அடி ‘வத்’. (அவ்வடிக்கும் பேசுதல் என்னும் பொருள் உண்மையே மயக்கத்தை மிகுவித்தது போலும்.) ‘வாத்ய’ என்பது பிராகிருதத்தில் ‘வஜ்ஜ’ ஆயிற்று, மராத்தியின் ‘வாஜவிணே’, இந்தியின் ‘பஜானா’ என்பன அவ்வழியின. சகரத்தையும் ஜகரத்தையும் ஓரெழுத்தாலேயே எழுதும் தமிழில் இவ்விரு வினைகளும் ஒருவடிவுற்றன என்பதே என் துணிபு. அகராதியில் இவற்றை இருவேறு தலைச்சொற்களாக வைத்தலே தகும்.