விளிம்பில் எட்டிப் பார்க்கும் வெள்ளி

ஆர்.கே.பேட்டை விசைத்தறிக் கொட்டகையில் பாவு இழை அறுந்தால், தறிக்கடியில் குனிந்து தேட ஒரு சின்ன டார்ச் லைட் வேண்டும். வாங்கும்போது கன்னங்கரேலென்று இருந்த அலுமினிய டார்ச்சை இரண்டு மூன்று வருஷம் சட்டைப் பையில் கிடந்தபின் கையில் எடுத்துப் பாருங்கள். கண்டபடி தேய்ந்திருக்காது, அதற்கென்று ஒரு வரிசை உண்டு.

முதலில் முகப்பு விளிம்பு வெளுக்கும். அடுத்தது, பிடிமானத்துக்காக லேத்தில் நர்லிங் போட்ட இடம். ஒவ்வொரு குட்டிக் கட்டத்தின் உச்சியிலும் ஊசிமுனையளவு வெள்ளி மினுங்கும், பள்ளத்தில் பழைய கருப்பு அப்படியே நிற்கும். கிளிப் உரசிய இடத்தில் ஒரு கீற்று. புதுக் கருப்பைவிட எனக்கு இந்தக் கோலம்தான் பிடிக்கும்.

பழைய எவரெடி பித்தளை டார்ச்சில் முலாம் மேலே ஏறியது; விட்டால் செதில் செதிலாக உரியும். அலுமினிய டார்ச்சின் கருப்போ அனோடைசிங்; அதில் உரிய எதுவும் இல்லை. கந்தக அமிலத் தொட்டியில் அலுமினியத்தை நேர்மின்முனையில் மாட்டி மின்சாரம் பாய்ச்ச, அதன் மேல்தோலே ஆக்சைடாக மாறுகிறது. அதிலுள்ள நுண்துளைகள் நூலைப்போலச் சாயம் குடிக்கும். பிறகு கொதிநீரில் போட்டுத் துளைகளை அடைப்பார்கள். (மட்டமான கருப்புச் சாயம் வெயிலில் ஊதாவாகிவிடும்.) சாதாரண ரகத்தில் இந்தத் தோல் 25 மைக்ரானைத் தாண்டாது. 0 டிகிரியை ஒட்டிய குளிர்த்தொட்டியில் வளர்க்கும் கெட்டி ரகம் 50 மைக்ரானையும் தாண்டும். தோல் பரப்புக்குச் செங்குத்தாக வளர்வதால், கூர்மூலையில் இருபக்கத் தோலும் சரியாகச் சேராமல் விரிசல் விடும். விளிம்பு முந்திக்கொண்டு வெளுப்பது அதனால்தான்.

சாவிக்கொத்துக்கு இந்தத் தோல் எளிதில் மசியாது. சிமெண்ட் தரையில் விழுந்தால்தான் வினை: அடியிலுள்ள அலுமினியம் நசுங்க, மேல்தோல் நொறுங்கும். அதைவிடப் பொல்லாதது வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு. காரம் ஆக்சைடை அரித்துவிடும். கலவை தெறித்த அலுமினிய ஜன்னலில் விழுந்த திட்டு ஏன் போவதில்லை என்று கொத்தனாரைக் கேட்டால் சொல்வார்.

ரொம்ப நயமான வேலை பின்மூடியில் இருக்கிறது. ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் குழாய் வழியாக மூடிக்கு மின்சாரம் பாய, குழாயின் கடைசி வளையத்தை மட்டும் வெற்று உலோகமாக விட்டிருப்பார்கள். மரைக்கும் அனோடைசிங் செய்த டார்ச்சில் மூடியைக் கால் திருப்பு தளர்த்தினால் போதும், இணைப்பு அறுந்துவிடும். பைக்குள் தானாக எரியாது. மரையின் தோல் தேய்ந்தபின் இந்த வித்தை பலிக்காது. அப்புறம் பேட்டரிக் கட்டையைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டியதுதான்.