டாஷ்போர்டில் ஒரு கூடுதல் முள்

ஞாயிறு மாலை பரனூர் சுங்கச்சாவடி நெரிசலில் ஊரும் பழைய காரில், கம்பெனி கொடுத்த ஹீட் முள் நடுவிலேயே சோம்பிக் கிடக்கும். அதை நம்பிவிடாதீர்கள். பல வண்டிகளில் 80 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் வித்தியாசம் தெரியாதபடிதான் அதை அமைத்திருக்கிறார்கள்; ஓட்டுகிறவர் பதறக் கூடாதாம்!

தனியாக வாங்கிப் பொருத்தும் 52 மில்லிமீட்டர் வட்ட மீட்டர் எண்ணைச் சொல்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

கைவேலையின் அழகு பானெட்டுக்குள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை நடுவில் அறுத்து, அலுமினியக் குழாய்த்துண்டு ஒன்றைச் செருகி, இருபுறமும் கிளிப் முறுக்கி, அதன் துளையில் சென்சாரைத் திருகுவார்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அதன் உடம்புதான் எர்த். இங்கோ இருபுறமும் ரப்பர். குழாய்த்துண்டிலிருந்து எஞ்சினுக்குத் தனி எர்த் ஒயர் இழுக்காவிட்டால் முள் எழவே எழாது. கைதேர்ந்த எலெக்ட்ரீஷியன் அந்த ஒயரைத்தான் முதலில் போடுவார்.

ஸ்டார்ட் செய்ததும் முள் வெகுநேரம் அசையாது. 82, 88 டிகிரி வாக்கில் தெர்மோஸ்டாட் திறந்து வெந்நீர் மேல் ஹோஸுக்கு வந்ததும் விறுவிறுவென ஏறும். ஃபேன் ஓடினால் மெல்ல இறங்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை அடிக்கும் உப்புக்காற்று எர்த் முனையில் பச்சை பூக்க வைக்கும். மின்தடை கூடும், மீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதிகமாகக் காட்டினாலாவது வண்டியை ஓரங்கட்டுவோம். முனையைச் சுரண்டி கிரீஸ் தடவ ஐந்து நிமிடம்கூட ஆகாது.