கைக்கோடும் கணினி உருவமும்

கணினித் திரை தட்டையானது; நாம் கையாளும் பொருள்களோ நீளம், அகலம், உயரம் என மூன்றளவும் உடையவை. தட்டையில் வரையும் கோட்டைக் கொண்டு திரண்ட உருவத்தைக் கணினிக்கு எங்ஙனம் உணர்த்துவது? 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து ஒளிப்பேனாவால் திரையில் வரையும் முறையை ஆக்கிக் காட்டினார். அது தள உருவங்களுக்கானது. அவ்வாண்டே அங்குத் திமோத்தி ஜான்சன் அதனை மூன்றளவுக்கு விரித்தபோது, மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் காணும் தோற்றங்களைத் தனித்தனியே காட்ட வேண்டியதாயிற்று. பொறியாளர்க்கு இது பழகிய வழக்கு, குழந்தைக்கு அன்று.

இக்குறை நீக்க வந்ததே, ஜப்பானிய அறிஞர் தக்கியோ இகராசி துணைவர் இருவருடன் 1999-இல் வெளியிட்ட 'டெடி'. மூடிய கோடொன்றை வரைந்தால் போதும்; அது திரண்டெழுந்து பொம்மையாகிறது. உள்ளே நிகழ்வது இது: கோட்டுக்குள் அடங்கிய பரப்பை முக்கோணங்களாகப் பிரித்து, நடுவே முதுகெலும்பு போன்ற அச்சொன்றைக் காண்கிறது. அவ்வச்சின் ஒவ்வொரு புள்ளியையும், விளிம்பிலிருந்து அது நிற்கும் தொலைவுக்கேற்ப உயர்த்துகிறது. ஆதலின் அகன்ற இடம் பருக்கிறது; ஒடுங்கிய இடம் மெலிகிறது. வயிறு பருத்துக் கை மெலிந்த கரடிப் பொம்மைக்கு இதனினும் ஏற்ற விதி வேறில்லை.

ஆயினும், இதனை 'இயல்பான' முறை என்று பாராட்டுவோர் கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. வட்டம் வரைந்தவன் தட்டை நினைத்திருக்கலாம், சக்கரத்தை நினைத்திருக்கலாம். டெடி தருவதோ பந்து! வெட்டியும் பிதுக்கியும் திருத்த இடமுண்டு என்பது மெய்யே. ஆனால் துளையுள்ள உருவம் அதற்கு ஆகாது. வளையல் ஆகாது, காதுள்ள கோப்பை ஆகாது, நம் வீட்டு உளுந்துவடையும் ஆகாது. கிழியாமல் ஒட்டாமல் ஒரு பந்தைப் பிசைந்து பெறக்கூடிய வடிவங்களே அதன் எல்லை.

பெருங்குறை வேறொன்று. உருவம் எழுந்ததும் வரைந்த கோடு மறைகிறது; எஞ்சுவது முக்கோண வலை. கோட்டால் பேசியவன், திருத்த வரும்போது தன் கோட்டைக் காணான்.

2007-இல் ஆண்ட்ரூ நீலன், இகராசி முதலியோர் வெளியிட்ட 'பைபர்மெஷ்' இதனை உணர்ந்து செய்யப்பட்டது என்பேன். அதில் வரைந்த கோடு பரப்பின்மீதே நிற்கிறது. பற்றி இழுத்தால் உருவம் உடன் நெகிழ்கிறது. விதையாக மட்டும் இருந்த கோடு இங்கே பிடியாகவும் ஆயிற்று. இதற்கு விலையும் உண்டு: கோடு நகருந்தோறும் பரப்பை மீளக் கணித்தாக வேண்டும். விளையாட வரும் சிறுபிள்ளைக்கு நான் இன்றும் டெடியையே கொடுப்பேன். செய்ததையே பத்துமுறை தொட்டுத் திருத்தும் சிற்பிக்கு அதனைக் கொடேன்.