தாபத நிலையும் ஒரு சான்றிதழும்

ஜோலார்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கான அப்பர்களை வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுப்பவர். கணவர் இறந்தபின் சான்றிதழ் வாங்கப் போனபோது நானும் துணைக்குப் போயிருந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "விதவை சர்டிபிகேட் யாரும்மா? முன்னால வாங்க" என்றார்கள். ஏளனம் எதுவும் இல்லை, மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனாலும் அக்கா எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

திரும்பி வரும்போது அவர் சொன்னது வேறு. "விதவைன்னதுகூடப் பரவால்லப்பா. 'ஆதரவற்ற'ன்னு போட்டிருக்காங்க பாரு. ஊட்ல மூணு பேருக்குச் சோறு போடுறதே நான்தானே?"

இதற்கு நம்மிடம் இருக்கும் வழக்கமான மருந்து, சொல்லை மாற்றுவது. விதவை வடசொல், அதில் பொட்டே இல்லை. கைம்பெண் தமிழ், அதில் இரண்டு புள்ளி இருக்கிறது என்று மேடைகளில் சொல்வார்கள். தமிழ்நாடு அரசு 2022இல் அமைத்த வாரியத்தின் பெயரும் 'கைம்பெண்கள் மற்றும் ஆதரவற்ற மகளிர் நல வாரியம்'தான். நல்ல எண்ணம், சந்தேகமில்லை. ஆனால் கைம்பெண்ணின் வேர் கைம்மை. அது நகை களைந்து, உணவைக் குறைத்துக் கிடக்கும் நோன்பு. புறநானூற்றின் 248ஆம் பாட்டில் கணவனை இழந்தவளுக்கு அல்லியரிசிதான் சாப்பாடு. பொட்டு வைக்கலாம், பாரம் இறங்கவில்லையே!

தொல்காப்பியம் புறத்திணையியலில் ஒரு ஜோடி வருகிறது. மனைவியை இழந்தவன் நிலை 'தபுதார நிலை'. கணவனை இழந்தவள் நிலை 'தாபத நிலை'. தபு என்றால் கெடுதல், இறத்தல், தாரம் மனைவி. அவனுக்கு என்ன நடந்தது என்பதோடு அந்தச் சொல் முடிந்துவிடுகிறது. தாபதம் தவத்தைக் குறிப்பது. அவள் இனி என்ன செய்யவேண்டும் என்று அந்தச் சொல்லே உத்தரவு போடுகிறது. தபுதாரன் இன்று அகராதியில் மட்டும் இருக்கிறான். எந்த வரிசையிலும் யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை.

'கணவனால் கைவிடப்பட்ட பெண்' என்ற அரசுத் தொடரும் இப்படித்தான். அடி தாங்காமல் தானே வெளியேறியவளும் அதில் கைவிடப்பட்டவள் ஆகிறாள். ஊர் சொல்லும் 'வாழாவெட்டி'க்கு இது கொஞ்சம் நாகரிகமான தம்பி, அவ்வளவுதான்.

வகைப்படுத்தாமல் உதவித்தொகை எப்படிக் கொடுப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 'கணவர் இறந்துவிட்டார்', 'தனித்து வாழ்கிறார்', 'ஆண்டு வருமானம் இவ்வளவு' என்று விவரங்களாக எழுதினால் போதும். தகுதியை முடிவு செய்ய அதற்குமேல் என்ன வேண்டும்? 'ஆதரவற்ற' என்பது விவரமில்லை, தீர்ப்பு.

வரிசையில் கூப்பிட விண்ணப்பத்தின் முதல் வரியே போதும். அங்கே அக்காவின் பெயர் இருந்தது.