கூரை வேயும் கைகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், டெல்டாவின் தென்னைகளையும் குடிசைகளையும் ஒருசேரச் சாய்த்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கூரையைச் சரிசெய்ய வரும் தேவாலயத் தொண்டர்களின் உழைப்பில், இரக்கத்தோடு கைத்திறனையும் பார்க்க வேண்டும். முடைந்த கீற்றை இறவாரத்தில் தொடங்கி முகடு வரை ஒன்றன்மேல் ஒன்று படிய அடுக்கி, மூங்கிலோடு இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு கட்டு தளர்ந்தாலும் காற்று அங்கேதான் நுழையும்.

'கீற்று அடுத்த புயலில் பறந்துவிடும். கான்கிரீட் வீடுதானே தீர்வு?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்த வீட்டைக் கட்டித் தருவது அரசின் கடமை. ஆனால் பட்டா, நிதி என்று அதற்கு மாதக்கணக்கில் ஆகும்; வடகிழக்குப் பருவமழை அதுவரை பொறுக்காது. இடைப்பட்ட நாட்களில் ஒரு குடும்பம் நனையாமல் உறங்குவது இந்தக் கைகளால்தான். அந்த வேலையை ஊருக்கு நாலு பேராவது கற்று வைத்திருங்கள்.