நடவாவிக்கு எந்த மாதம் போகலாம்?

பாழடைந்த கட்டடங்களைத் தேடிப் போகிறவர்கள் பொதுவாகச் சொல்வது: மார்கழி, தையில் போ, வெயில் படுத்தாது. இலையுதிரும் குளிர்நாடுகளுக்கு இது சரி. அங்கே அப்போது கொடிகள் மொட்டையாகிச் சுவர் முழுசாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த நம்மூரிலோ, அப்போதுதான் புதர் மண்டிக் கிடக்கும். பாம்பு எங்கே, படி எங்கே என்று தெரியாது. பங்குனியில் காய்ந்த பிறகுதான் தரை கண்ணுக்குப் படும்.

ஐயங்கார்குளத்தில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றுக்கு அப்பால் உள்ள ஊர். இரண்டாம் வேங்கடபதி ராயரின் குரு லட்சுமிகுமார தாத்தாச்சாரியார் வெட்டிய பெருங்குளம், கரையில் சஞ்சீவிராயர் கோயில், பக்கத்தில் நடவாவிக் கிணறு. படியில் இறங்கினால் தரைக்கடியில் தூண் மண்டபம், அதன் நடுவே கிணறு. ஆண்டின் பெரும்பகுதி மண்டபமே நீருக்குள்தான். சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதர் எழுந்தருளுவதற்காக நீரை இறைப்பார்கள். அதனால் சித்திரையை விட்டால் மண்டபத்தைப் பார்க்க முடியாது. ஆண்டுதோறும் பெருமாள் வந்துபோகும் இடத்தைப் பாழிடம் என்பதே கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்!

ஆனால் சித்திரை முழுசும் லாபமில்லை. பௌர்ணமியன்று தூணில் செதுக்கியதைவிட முன்னால் நிற்பவர் பின்னந்தலையைத்தான் அதிகம் பார்ப்போம். பாசி படிந்த படி, ஈரக்கால், நெரிசல் மூன்றும் சேர்ந்தால் ஆபத்து. மேலே குளமோ வற்றிக் கிடக்கலாம். நீருக்காகக் கட்டிய படித்துறையை நீரில்லாமல் பார்ப்பது பாதிப் பார்வை. நீரோடு பார்க்கத் தைதான் பொருத்தம்.

கோடைத் தேடலில் இன்னொரு நெருடல் உண்டு. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையில் நீர் நன்றாக இறங்கினால் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். நமக்கு அது வேடிக்கை. ஜூன் 12 தண்ணீர் திறப்பை நம்பி நாற்றுவிடக் காத்திருக்கும் டெல்டா விவசாயிக்கு அதே காட்சி வயிற்றெரிச்சல். இறைத்து வற்றவைத்த நடவாவியில் இந்த உறுத்தல் இல்லை.

ஆகவே குளத்துக்குத் தை, கிணற்றுக்குச் சித்திரை என்று இரண்டு முறை போவதே என் கட்சி. பௌர்ணமியைத் தவிர்த்து, ஊற்று மறுபடி ஏறுவதற்குள் ஒரு காலையில் போங்கள். நீர் எவ்வளவு நிற்கிறது என்று ஊர்க்காரர்களிடம் விசாரித்துவிட்டு, ஓரச் சுவரைப் பிடித்தபடி இறங்குங்கள்.